உடன் வந்தவர் யார்?

வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோபி அறையில் அவளுக்குத் தூக்கக்காரி என்று பெயர். தூங்குவதால் அல்ல, தூங்க வைப்பதால். பதினாறு வருடமாக அங்கே நர்ஸ். குழாயைக் கண்டதும் முகம் வெளிறுகிறவர்களின் கையைத் தடவி, நரம்பு தேடி, மிடசோலம் என்ற மயக்கமருந்தை மெல்ல ஏற்றுவாள். "இன்னும் ஆரம்பிக்கலையா?" என்று எல்லாம் முடிந்தபின் கேட்பவர்களைத் தினமும் பார்க்கிறாள். அரைத் தூக்கத்தைத் தருவதோடு, நடந்ததையும் மறக்கடித்துவிடும் மருந்து அது.

அதற்கு ஒரு விதி உண்டு. ஊசி போட்டவரை வீட்டுக்குக் கூட்டிப்போக ஆள் வேண்டும். படிவத்தில் 'உடன் வந்தவர்' என்ற கட்டம் காலியாக இருந்தால், தொண்டையை மரக்க வைக்கும் ஸ்ப்ரே மட்டும்தான். தனியாக வருகிறவர்களுக்காக அவள் ஒரு குறுக்குவழி வைத்திருந்தாள். அந்தக் கட்டத்தில் தன் பெயரை எழுதிவிடுவாள். வேலை முடியும்வரை அவர்களை ஓய்வறைக் கட்டிலில் கிடத்தி, பிறகு தானே வீடு கொண்டுபோய் விடுவாள். டாக்டருக்குத் தெரியும், கண்டுகொள்வதில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை மூன்றாவதாக வந்தவர், செத்துப்போன அக்காவின் கணவர்.

ஏழு வருடத்துக்கு முன்பு, அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்த பத்து மாதமும், "நடிக்கிறா, வேலை செய்ய உடம்பு வணங்கல" என்று வீடு வீடாகச் சொன்னவர். "நான் வேலை பாக்கிற எடத்துக்காவது கூட்டிட்டு வாங்க" என்று இவள் கெஞ்சியபோது, "நர்ஸுக்கெல்லாம் டாக்டர்னு நெனப்பு" என்று போனை வைத்தவர். கடைசியில் குழாய் உள்ளே போனபோது, வயிறு முழுக்கப் புற்று பரவியிருந்தது. அக்கா போய் எட்டாவது மாதம் அவர் மறுபடி மாப்பிள்ளையானார்.

"நீ இன்னும் இங்கதான் இருக்கியா? நல்லதாப் போச்சு. ஊசிய கொஞ்சம் தாராளமாப் போடு."

"கூட யாரு வந்திருக்கா அத்தான்?"

"வீட்ல இருக்கிறவளுக்கு வேலையாம். யாரும் வரல."

"அப்ப ஸ்ப்ரே மட்டும்தான். இல்லன்னா இன்னொரு நாள் ஆளோட வாங்க."

"தள்ளிப்போடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. மலம் கறுப்பாப் போகுது." குரலைத் தாழ்த்தினார். "அந்தக் கட்டில்ல கெடக்கானே, அவனும் தனியாத்தான் வந்தானாம். நீதான் எழுதிக் குடுத்தியாம்."

"ஆமா, குடுத்தேன்."

"எனக்கும் எழுது."

அவள் பேனாவைத் தொடவில்லை.

டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டே உள்ளே வந்தார். அத்தான் பாதி எழுந்து, "டாக்டர், இவ என் மச்சினி. எனக்குக் கூட வந்தவ இவதான்" என்றார்.

"அப்படியா சிஸ்டர்? அப்புறம் என்ன, போட்டுடலாமே."

தட்டில் மயக்கமருந்து ஆம்ப்யூல் உடைக்கப்படாமல் இருந்தது. அவள் அதை எடுத்து டிராயருக்குள் வைத்தாள்.

"அக்கா இருந்தவரைக்கும் மச்சினி, சார். இப்ப நான் இவருக்கு யாரும் இல்ல."

டாக்டர் அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். இதற்கு அப்புறம் விசாரணை உண்டு என்று அந்தப் பார்வையிலேயே இருந்தது. இருக்கட்டும் என்று நின்றாள்.

"சரி, ஸ்ப்ரே குடுங்க."

இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, குழாயைக் கடித்துவிடாதபடி வாயில் வளையத்தைப் பொருத்தினாள். குழாய் தொண்டையைத் தாண்டியதும் அவர் உடம்பே குலுங்கியது. குமட்டிக் குமட்டிக் கண்ணீர் கொட்டியது. மற்றவர்களுக்கு என்றால் முதுகைத் தடவி, "இதோ முடிஞ்சுது, இதோ" என்பாள். இவருக்குத் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டதோடு சரி. அவர் அவள் மணிக்கட்டைப் பற்றினார். அவள் உதறவும் இல்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை. குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"நடிக்காதீங்க அத்தான்."

ஏழு நிமிடம். அக்காவின் பத்து மாதத்துக்கு அது உறைபோடக் காணாது. ஆனாலும் ருசித்தது. இதில் ஒரு நொடியைக்கூட அவர் மறக்கப் போவதில்லை.

"புண்ணுதான். பெரிய புண்ணு" என்றார் டாக்டர். "டெஸ்டுக்குச் சதை எடுத்து அனுப்பியிருக்கேன். மாத்திரை சாப்பிடுங்க. புண்ணு ஆறிடுச்சான்னு எட்டு வாரம் கழிச்சு மறுபடி குழாய் விட்டுப் பாக்கணும்."

டாக்டர் போனதும் அத்தான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து வாயைத் துடைத்துக்கொண்டார். குரல் கரகரத்தது.

"வேணும்னேதான பண்ண."

"ஆமா."

அவர் அந்தப் பதிலை எதிர்பார்க்கவில்லை. செருப்பைக் காலால் தேடிக்கொண்டே கேட்டார்:

"எட்டு வாரம் கழிச்சு... நீ இருப்பியா?"

அவள் அடுத்த தேதியைச் சீட்டில் எழுதி அவர் சட்டைப்பையில் செருகினாள்.

"திங்கள்லேருந்து சனி வரைக்கும் இங்கதான் இருப்பேன்."