ஆறு சிலிண்டர்க்காரர்

முரசுமோட்டையில் நெல் ஏற்றிய அந்த லொறிக்காரருக்கு என் அண்ணரைக் கண்ணில் காட்டக் கூடாது. அண்ணர் நாலு சிலிண்டர் பிக்கப் ஒன்றை வாங்கி, அவரைப் போலவே நெல் ஏற்றத் தொடங்கியதுதான் பகை. கட்டையான ஆள், தோளில் எண்ணெய்ப் பிசுக்கேறிய துவாய். எங்களைக் கடக்கும்போதெல்லாம் லொறியின் வேகத்தைக் குறைத்து, எங்கள் பிக்கப்பின் முன்பக்கப் பொனட்டைப் பார்த்துத் துப்பிவிட்டுப் போவார்.

"உது எஞ்சினோ, தையல் மெசினோ? பத்து மூட்டை ஏத்தினா மூச்சு நிண்டுபோம்" என்று சந்தியில் உரத்துச் சொல்வார். நெல் விளைவிக்கும் கமக்காரர் சிரிப்பார்கள். பிறகு எங்களிடம் நெல்லை ஏற்றிவிடத் தயங்குவார்கள்.

ஒரு விதைப்புக் காலத்தில், யாரோ ஒருவரின் விதைநெல்லோடு அவருடைய ஆறு சிலிண்டர் லொறி குளக்கட்டுக்குக் கீழே சேற்றில் புதைந்துவிட்டது. மழை இருட்டிக்கொண்டு வந்தது. அண்ணர் பிக்கப்பை நிறுத்திக் கயிற்றை எடுத்தார்.

"கயிறு கட்டினியோ, கையை முறிப்பன்!" என்றார் லொறிக்காரர்.

"அப்ப விதைநெல்லு நனையட்டோ, அண்ணை?" என்று அவரிடம் கேட்டேன்.

அவர் வானத்தைப் பார்த்தார். பிறகு ஒரு மூட்டையை முதுகில் சுமந்துவந்து எங்கள் பிக்கப்பில் தொப்பென்று போட்டார். எங்களைத் தொடவிடாமல், ஏசி ஏசியே எல்லாவற்றையும் ஏற்றினார். மூட்டை பத்தைத் தாண்டியது. மழைக்கு மூடும் தன் லொறியின் படங்கையும் அவிழ்த்து மூட்டைகளை மூடிவிட்டார்.

பிக்கப் குளக்கட்டில் ஏறும்போது பின்னாலிருந்து கத்தினார்: "அடேய், மெல்லப் போ! தையல் மெசின் செத்துப்போம்!"

மறுகிழமை அவரைச் சந்தியில் கண்டோம். வேகத்தைக் குறைத்தார். அண்ணர் சிரிக்க ஆயத்தமானார். அவர் பொனட்டைப் பார்த்துத் துப்பிவிட்டுப் போனார்.