ஏட்டையா பேருக்கு ஒரு சொட்டு ரத்தம்

ராஜபாளையத்திலிருந்து தென்காசிக்கு அறுபது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. காலை ஐந்தரை பஸ்ஸில் ஏறினேன். ஏறியதுமே கவலை. கேஸை அணைத்தேனா, தையல் கடைப் பூட்டை இழுத்துப் பார்த்தேனா, போகிற காரியம் நடக்குமா. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு மிஷினில் உட்கார்ந்தவன் நான். காலுக்குத்தான் வேலை, மனசுக்குக் கவலைப்பட நேரம் நிறையக் கிடைத்தது.

காரியம் இதுதான். அக்கா தென்காசி போலீஸ் குவார்ட்டர்ஸில் இருக்கிறாள். அத்தான் ஏட்டு, வயது ஐம்பத்திரண்டு. குற்றால சீசன் பந்தோபஸ்தில் நிற்கும் போலீஸ்காரர்களில் நாற்பது தாண்டியவர்களுக்குச் சர்க்கரையும் பிரஷரும் பார்க்க, அருவிக்குப் பக்கத்து மண்டபத்தில் இரண்டு நாள் முகாம். அத்தானின் அண்ணனுக்குச் சர்க்கரை முற்றிக் காலை எடுத்தார்கள். கொஞ்ச நாளில் ஆளும் போய்விட்டார். அதிலிருந்து அத்தான் எந்த ஆஸ்பத்திரி வாசலையும் மிதிப்பதில்லை. "நான் சொன்னா கேக்க மாட்டாவ, நீ வந்து கூட்டிட்டுப் போ" என்று அக்கா போனில் அழாத குறையாகச் சொன்னாள்.

சிவகிரி, வாசுதேவநல்லூர் கடந்து புளியங்குடியில் நின்றபோது எலுமிச்சை மூட்டைகளின் வாசம் பஸ்ஸுக்குள் வந்தது. கடையநல்லூர் தாண்டியதும் மேற்கே மலை தெரியவில்லை, மேகம்தான் தெரிந்தது. சாரல் ஜன்னலில் அடித்தது. வெள்ளம் வந்து அருவியை மூடிவிட்டால் அத்தான் எங்கே இருப்பாரோ என்று கண்டக்டரிடம் மூன்றாவது முறையாகக் கேட்டேன். "அருவி எங்கயும் ஓடிப் போகாது அண்ணாச்சி, உக்காருங்க" என்றார் அவர்.

தென்காசியில் இறங்கி டவுன் பஸ் பிடித்து ஆறு கிலோமீட்டர். மெயின் அருவியில் தண்ணீர் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. தலையில் எண்ணெய் வழிய ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். தொப்பிக்கு மேல் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு அத்தான் விசில் ஊதினார். பக்கத்தில் சாகுல், கடையநல்லூர்க்காரன், வேலைக்கு வந்து மூன்று வருஷமான கான்ஸ்டபிள், ஒல்லியான ஆள். கையில் தண்ணீர்ப் பாட்டில்.

முகாமைப் பற்றிச் சொன்னதும் அத்தான் சிரித்தார். வெறும் வயிற்றில் வரச் சொல்லியிருக்கிறார்களாம், அவரோ விடியும்போதே பரோட்டா சாப்பிட்டாராம். சொல்லிவிட்டுச் சாகுலைப் பார்த்தார்.

"ஏலே, நீ இன்னும் சாப்பிடலைல்லா? என் பேரையும் நம்பரையும் சொல்லி ஒரு சொட்டு குடுத்துட்டு வா."

அவர்கள் உத்தியோகத்தில் இது சகஜம். ஒருவர் டீ குடிக்கப் போனால் இன்னொருவர் அந்த இடத்தில் நிற்பார், ரிலீவ் என்பார்கள். அத்தான் ரத்தத்துக்கும் ரிலீவ் போட்டுவிட்டார். தடுக்க வேண்டும் என்றுதான் சாகுலோடு போனேன். காக்கிச் சட்டையிடம் பேச நாக்கு எழவில்லை. நர்ஸ் வயதைக் கேட்டதும் அவன் விறைப்பாக நின்று "ஐம்பத்திரண்டு" என்றான். அந்தம்மா ஒரு முறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு விரலைக் குத்தினாள். முடிவை நாலு மணிக்கு டாக்டரே தனியாகச் சொல்வாராம்.

நாலு மணிக்கு அத்தான் மீசையை நீவிக்கொண்டு உள்ளே போனார். என்னையும் கூட்டிக்கொண்டார், நல்ல சேதியை அக்காவிடம் சொல்ல ஒரு சாட்சி வேண்டுமே. டாக்டர் அம்மா சின்ன வயதுக்காரர், சத்தம் போடாமல் பேசினார். வெறும் வயிற்றில் இருநூற்று எண்பது என்றார், நூறை ஒட்டி இருக்க வேண்டியதாம். அத்தான் சிரிப்பு மாறாமல்தான் உட்கார்ந்திருந்தார். டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டார். தண்ணீர் தாகம் அதிகமா? அடிக்கடி ஒன்றுக்குப் போகிறீர்களா? கொஞ்ச நாளில் உடம்பு இளைத்துவிட்டதா?

மூன்றாவது கேள்வியில் அத்தான் முகம் செத்துவிட்டது. காலையில் பார்த்த பாட்டில் எனக்கும் நினைவுக்கு வந்தது.

"அது என் ரத்தம் இல்லம்மா" என்றார். "கூட நிக்கிற பையனோடது. அடிக்கடி பாயிண்டை விட்டுப் போறான்னு நேத்துகூட ஏசினேன். பெல்ட்டுல புதுசா ஓட்டை போட்டிருக்கான்."

டாக்டர் ஏசுவார் என்று பயந்தேன். ஏசவில்லை. அவனை இந்த நிமிஷமே கூட்டி வாருங்கள், நாளைக்கு நீங்களும் பட்டினியாக வாருங்கள் என்றார்.

இருவரும் அருவிக்குத் திரும்பினோம். எங்களைப் பார்த்ததும் சாகுல் ஓடி வந்தான். அவர் முகத்தை வைத்தே ஏதோ புரிந்துகொண்டான்.

"சர்க்கரை கூடுதலா இருக்கா ஏட்டையா? பயப்படாதீங்க. எங்க மாமாவுக்கும் இருக்கு, மாத்திரை போட்டுட்டு நல்லாத்தான் இருக்காவ."

அத்தான் அவன் தோளைப் பிடித்தார். "ஏலே, குடுத்தது நீதானலே."

சாகுல் குனிந்து பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தான். பிறகு மெதுவாக, "கல்யாணம் பேசிட்டிருக்காவ ஏட்டையா" என்றான். அத்தான் அவன் கையிலிருந்த விசிலை வாங்கி அடுத்த ஆளிடம் கொடுத்துவிட்டு, "வா, நானும் வாறேன்" என்றார். அன்று சாயங்காலமே தென்காசி பெரிய ஆஸ்பத்திரியில் அவனுக்கு வைத்தியம் ஆரம்பித்தது. நேரத்தோடு வந்துவிட்டான் என்றார்களாம். அத்தான்தான் கூட இருந்தார்.

மறுநாள் காலை மண்டபத்தில் முதல் ஆளாக அத்தான் விரலை நீட்டினார். கண்ணை இறுக மூடியிருந்தார். நூற்று அறுபது. அவருக்கும் மாத்திரை, பரோட்டாவுக்குத் தடை, தினமும் முக்கால் மணி நேரம் நடை. சாகுலுக்கும் நடக்கச் சொல்லியிருந்தார்கள். அவன் வெளியே காத்துக்கொண்டு நின்றான்.

"நீ நடலே, நான் இங்கன நின்னு பாத்துக்கிடுதேன்" என்றார் அத்தான்.

"ரத்தம் குடுத்ததோட சரி ஏட்டையா. உங்க நடையை நீங்கதான் நடக்கணும்."

என் பஸ் கிளம்பும்போது இருவரும் ஐந்தருவி ரோட்டில் சாரலில் போய்க்கொண்டிருந்தார்கள். அத்தான் பின்தங்கியிருந்தார், அவருக்காக அவன் நின்று நின்று போனான்.

ராஜபாளையத்தில் சாரல் இல்லை, புழுக்கம்தான். கடைப் பூட்டை இழுத்துப் பார்த்தேன், நான் பூட்டியபடியே இருந்தது. எங்கள் தெரு முனையில் ஒரு லேப் இருக்கிறது, பத்து வருஷமாக அதன் எதிர்ப் பக்கமாகவே நடந்து போகிறேன். காலை எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்று போர்டில் பார்த்துக்கொண்டேன். வீட்டில் நாளைக் காலை எனக்கு டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் படுத்தேன்.