மழித்த கழுத்து

வலிக்கவில்லை என்று யாராவது சொன்னால் நான் இன்றைக்கும் நம்பமாட்டேன். வீட்டில் யாருக்காவது கட்டி வந்து, இப்போது வலியே இல்லை என்று சந்தோஷமாகச் சொல்ல வந்தால், கையைப் பிடித்து வெளிச்சத்துக்கு இழுத்துப்போய்ப் பார்த்துவிட்டுத்தான் விடுவேன். பைத்தியம் என்பார்கள். ஆம்பூரில் இரண்டு அமெரிக்கப் பிள்ளைகளுக்கு நான் வாயாக இருந்த காலத்தில் பிடித்த பைத்தியம் அது.

நான் பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவன் இல்லை. தோல் கிடங்கில் சுண்ணாம்புக் குழி ஓரம் எட்டு வருஷம் நின்றவன். கப்பலுக்குப் போகும் கட்டுகளின் மேல் எழுதியிருந்த இங்கிலீஷைப் பார்த்துப் பார்த்து எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டேன். பிறகு பழைய பேப்பர், பிறகு பைபிள். அப்படி அரையும் குறையுமாக வந்த இங்கிலீஷை நம்பித்தான் அந்த இரண்டு பேரும் என்னை வைத்துக்கொண்டார்கள். அவர்கள் பேசுவதை நான் தமிழில் சொல்ல வேண்டும். ஜனங்கள் பேசுவதை இங்கிலீஷில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை.

அமெரிக்காவில் உப்பு ஏரி ஒன்றின் பக்கத்து ஊர்க்காரர்கள் அவர்கள். அவர்கள் சபையில் இருபது வயதுப் பையன்களை ஊழியத்துக்கென்று கடல் தாண்டி அனுப்பிவிடுவார்களாம். வயது இருபது, பட்டமோ மூப்பர். மூப்பர் என்றால் எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவக் கோயில்களில் தலை நரைத்தவர்தான். "பால் மணம் மாறல, மூப்பராம். அப்போ நான் இன்னா, ஆதாமுக்கு அக்காவா?" என்று தோல் காயப்போடும் அக்கா ஒருத்தி முகத்துக்கு நேராகவே கேட்டாள். நான் அதை அப்படியே இங்கிலீஷில் சொன்னேன். நெட்டையாக இருந்தவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்றிலிருந்து அவளைக் கண்டால் தொப்பியை எடுத்து, புத்தகத் தமிழில், "ஆதாமின் அக்கா சுகமாக இருக்கிறார்களா?" என்று விசாரிப்பார்.

ஊர் அவர்களைப் பெரிய துரை, சின்ன துரை என்றது. பெரிய துரைதான் அந்த நெட்டை. பண்ணையில் மாடுகளோடு வளர்ந்தவர். சின்ன துரை கூச்சக்காரர், எதையும் மெதுவாகப் பேசுவார். ஒருவரை விட்டு ஒருவர் பிரியக் கூடாது என்பது அவர்கள் சட்டம். எங்கே போனாலும் ஜோடி, எங்கே உட்கார்ந்தாலும் பக்கத்தில் பக்கத்தில். காபி குடிக்கக் கூடாது, டீ குடிக்கக் கூடாது. எந்த வீட்டுக்குப் போனாலும் அதனால் ஒரு சங்கடம். ஆசையாகக் கொண்டுவந்து வைத்த டம்ளரைத் தொடாமல் வெந்நீர் கேட்பார்கள். காலையில் எழுந்ததும் ஜெபம், பிறகு சவரம். வாரத்தில் ஏழு நாளும் சவரம். ஜன்னல் கம்பியில் ஒரு சின்னக் கண்ணாடியைக் கட்டி, முகமும் கழுத்தும் வழவழவென்று ஆகும்வரை மழிப்பார்கள்.

அந்தச் சவரம்தான் வினை.

கிடங்கில் பச்சைத் தோலும் காய்ந்த தோலும் தூக்குகிற ஆட்கள் வெள்ளிக்கிழமை மட்டுமே முகம் மழிப்பார்கள். முதலாளி தொழுகைக்குப் போகும் நாள், எல்லாருக்கும் லீவு. மறுநாள் காலைக்குள் கீறல் எல்லாம் ஆறிவிடும். மற்ற நாளில் மழித்துக்கொண்டு வந்தவனை மேஸ்திரி தோல் பக்கம் விடமாட்டார். நாள் கூலி போனாலும் போகட்டும் என்று திருப்பி அனுப்பிவிடுவார். தோளிலும் கழுத்திலும் கோணிப்பையைச் சுற்றிக்கொண்டுதான் கட்டைத் தூக்குவார்கள். ஏன் என்று யாரும் பேசுவதில்லை. பேசினால் வந்துவிடும் என்று ஒரு பயம்.

ஒரு திங்கட்கிழமை. வடக்கிலிருந்து ரயிலில் வந்த காய்ந்த தோல் கிடங்கு வாசலில் இறங்கிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு ஆட்களைக் கூப்பிட நாங்கள் மூவரும் போயிருந்தோம். ஒருவன் கட்டோடு தடுமாறினான். பெரிய துரை ஓடிப்போய்த் தோள் கொடுத்தார். கொடுத்தவர் நிற்கவில்லை. அடுத்த கட்டு, அதற்கு அடுத்த கட்டு. வேலை செய்கிற இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கத் தெரியாத மனுஷன்.

மேஸ்திரி என்னிடம் வந்தார். "இன்னாபா இது, காலீல மழிச்சிக்கினு வந்துருக்காரு. எறக்கி வைக்கச் சொல்லுபா. கழுத்துல ரத்தம் தெரியுது பாரு."

காதுக்குக் கீழே கடுகளவு கீறல். நான் சொன்னேன். ஆனால் எப்படிச் சொன்னேன்? "சவரம் செய்த நாளில் தோல் தூக்குவது இங்கே வழக்கமில்லை" என்று சொன்னேன். காரணத்தைச் சொல்லவில்லை. பூனை குறுக்கே போவது, பல்லி சொல்வது எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள் என்று வாரா வாரம் பிரசங்கம் செய்கிறவர் அவர். இதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொண்டார். சிரித்துக்கொண்டே ஆறு கட்டு தூக்கினார். கூலியாட்கள் சிரிக்கவில்லை. ஒருவன் மட்டும் தன் கோணிப்பையை அவிழ்த்து அவர் பக்கம் நீட்டினான். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு போய்விட்டார்.

புதன்கிழமை அந்த இடத்தில் கொசு கடித்தது போல ஒரு சிவப்பு. அரிப்பு. வியாழக்கிழமை நீர்க் கொப்புளம். சின்ன துரை அவர் தலையில் எண்ணெய் தொட்டு வைத்து, இரண்டு கைகளையும் வைத்து ஜெபித்தார். அவர்கள் சபை முறை அது. நானும் பக்கத்தில் நின்று ஆமென் சொன்னேன். வெள்ளிக்கிழமை அரிப்பு குறைந்தது. சனிக்கிழமை நான் வேறு வேலையாகத் திமிரிக்குப் போயிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம், அவர்கள் குடியிருந்த வீட்டின் முன்னறையில். பதினைந்து பேர் இருப்பார்கள். பாதிப் பேர் கிடங்கு ஜனம். அந்த அக்காவும் சுவர் ஓரமாக உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். பெரிய துரை எழுந்து காலரைத் தளர்த்தினார்.

"இங்கே எனக்கு ஒரு புண் வந்தது. என் சகோதரன் ஜெபித்தான். இன்று கொஞ்சம்கூட வலி இல்லை. தொட்டாலும் வலி இல்லை" என்று விரலால் அழுத்திக் காட்டினார்.

நான் அவருக்கு வலது பக்கம் நின்றிருந்தேன். என் முகத்துக்கு ஒரு முழத்தில் அந்தக் கழுத்து. நடுவில் கரித்துண்டு பதித்த மாதிரி ஒரு கறுப்பு. அதைச் சுற்றி ஊசிமுனைக் கொப்புளங்கள் வட்டமாக. அதைச் சுற்றிலும் கழுத்து பொதபொதவென்று வீங்கியிருந்தது.

அடைப்பான் நோய் கண்டு செத்த மாட்டின் தோலிலிருந்து மனுஷனுக்கு வருகிற கொப்புளம் அது. கிடங்கில் எட்டு வருஷத்தில் நான்கு தடவை பார்த்திருக்கிறேன். சாதாரணக் கட்டி வலிக்கும். அது வலிக்காது. வலிக்காததுதான் அதன் அடையாளம்.

அவர் என்னைப் பார்த்துக் காத்திருந்தார். நான் மொழிபெயர்த்தேன். "தொட்டாலும் வலி இல்லை" என்று நல்ல தமிழில், குரல் நடுங்காமல் சொன்னேன்.

விசிறி நின்றது. கிடங்கு ஆட்கள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். சின்ன துரை மட்டும் கண் கலங்கி, அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் முடிந்து எல்லாரும் இறங்கியதும், தெருமுனையில் அக்கா என்னை நிறுத்தினாள்.

"நீ பாத்த இல்ல?"

"பாத்தேன்க்கா."

"நீ சொல்றியா, நான் சொல்லட்டா?"

"இவ்ளோ ஜனம் முன்னாடி சாட்சி சொல்லிட்டாரு. இப்போ போய் இன்னான்னு சொல்றது? கொசுக்கடியா இருந்தாலும் இருக்கும். காலீல சொல்றேன்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நல்லா பேசுறப்பா நீ. அடுத்தவன் பேச்ச மட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

காலையில் நான் போவதற்கு முன்பே அவள் அங்கே நின்றிருந்தாள், வேலைக்குப் போகாமல். பெரிய துரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு அவர் சவரம் செய்யவில்லை. கழுத்து வீங்கித் தாடையும் தோளும் ஒன்றாகிவிட்டிருந்தன, உடம்பு கொதித்தது. ஆனாலும் அவளைக் கண்டதும் கை தொப்பியைத் தேடியது.

"ஆதாமின் அக்கா சுகமாக..."

அவள் அவரோடு பேசாமல் என்னைப் பார்த்துப் பேசினாள். "சொல்லுபா. என் வூட்டுக்காரருக்கும் வலிக்கல. மூணு நாள் வலிக்கலன்னு சொல்லிக்கினு சந்தோசமாத்தான் இருந்தாரு. நாலாம் நாள் போய்ட்டாரு. வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போகச் சொல்லு, இப்பவே."

நான் இங்கிலீஷில் வாய் திறப்பதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது. தமிழ் நன்றாகப் படித்தவர். சின்ன துரைதான் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்காக முழுவதையும் சொன்னேன். இந்தத் தடவை எதையும் விடவில்லை.

அடுத்த ரயிலைப் பிடித்தோம். ஜன்னல் பக்கம் அவர், ஒட்டினாற்போல் சின்ன துரை, எதிரே நான். பாதி வழி தாண்டியதும் மூச்சு இழுத்து இழுத்து வர ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: எப்போது கறுத்தது? சனிக்கிழமை என்றார் சின்ன துரை. டாக்டர் அதை எழுதிக்கொண்டார்.

புதன்கிழமை மத்தியானம் உயிர் போயிற்று. வேலூரிலேயே மண்ணில் வைத்தோம்.

சின்ன துரையை ஊருக்குத் திரும்பி வரச்சொல்லிக் கடிதம் வரும்வரை அவர் தனியாக இருக்கக் கூடாது, அதுதான் சட்டமாயிற்றே. ஜோடியாக என்னை வைத்துக்கொண்டார். இறந்தவர் நடந்த பக்கத்தில் நான் நடந்தேன். அவர் சவரம் செய்வதை விட்டிருந்தார்.

பம்பாய் வண்டி ஏற்றிவிட அரக்கோணம் வரை கூடப் போனேன். அதுவரை எதுவும் கேட்காதவர், ரயிலில் ஜன்னலைப் பார்த்தபடி இங்கிலீஷில் மெதுவாகக் கேட்டார்.

"ஞாயிற்றுக்கிழமை அவர் பேச்சைத் தமிழில் சொன்னாயே. அப்போது உனக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றேன்.

எழுந்து வேறு பலகைக்குப் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. தோளோடு தோள் இடிக்க, அரக்கோணம் வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். வண்டி மாறும்போது, அவருக்குத் தெரிந்த கொஞ்சம் தமிழில், "அந்த அக்காவுக்கு நன்றி சொல்லு" என்றார். எனக்கு என்று எதுவும் சொல்லவில்லை.

அவளிடம் போய்ச் சொன்னேன். தோலை விரித்துக்கொண்டே கேட்டாள். "நன்றிய வச்சிக்கினு நான் இன்னா பண்றது. அடுத்து வர்றவங்கிட்டயாவது மொதல்லயே சொல்லு."

ஆறேழு மாதம் கழித்து, புதிதாக இரண்டு பேர் ஆம்பூர் ஸ்டேஷனில் இறங்கினார்கள். நான் முதலில் பார்த்தது அவர்கள் கழுத்தை. இரண்டும் வழவழவென்று இருந்தன. பெட்டியில் கை வைப்பதற்கு முன்பே, பிளாட்பாரத்திலேயே நிறுத்தி, தோல், சவரம், கறுப்பு, வலிக்காத புண், வேலூரில் இருக்கும் மண்மேடு எல்லாவற்றையும் காரணத்தோடு சொன்னேன். ஒருவன் முகம் வெளுத்துக் கேட்டான். இன்னொருவன், நல்ல வாட்டசாட்டமான ஆள், என் தோளைத் தட்டிச் சிரித்தான்.

"பயப்படாதே. நான் பண்ணையில் வளர்ந்தவன்" என்றான்.