காலி பண்ணாதீங்க

எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி ஒரு மழைக்காலக் காலையில் தரையைப் பிளந்துகொண்டு வெளியே வந்தது. கதை விடுகிறேன் என்று நினைக்காதீர்கள். மாங்காட்டைத் தாண்டி வீடு கட்டிக் குடிவந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. வாசலில் பூமிக்குள் புதைத்திருந்த மூவாயிரம் லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி, எங்கள் பக்கத்தில் சம்ப் என்பார்கள், மேலே போட்டிருந்த சிமெண்ட் தளத்தை உடைத்துக்கொண்டு முழங்கால் உயரத்துக்கு எழும்பி நின்றது. குழாய் முறிந்து தொங்கியது. தரைக்குள் பத்திரமாக இருக்க வேண்டியது இப்படி வெட்டவெளியில் நிற்பதைப் பார்த்தபோது எனக்கு முதலில் பயம்தான் வந்தது.

"மழைக்கு முன்னாடி காலி பண்ணி சுத்தமா கழுவி வெச்சேனே, இது இன்னா இப்டி கீது?" என்று என் கணவர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அவர் பூந்தமல்லி பக்கம் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். எதற்கும் அசராத மனுஷன், அன்றைக்கு ஆடிப்போனார். எங்களுக்கு வீடு கட்டிக்கொடுத்த மேஸ்திரி வந்து பார்த்து, "மண்ணு லூசு, அதான் தள்ளிடுச்சு" என்றார். எதிர்வீட்டு அம்மா இடத்தில் ஏதோ தோஷம் என்றார். ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள், ஒன்றும் எனக்கு ஒட்டவில்லை.

மேஸ்திரி அதே குழியில் புதுத் தொட்டியை இறக்கிக் கொடுத்தார். ஆனால் என் கணவர் மனதில் விழுந்தது விழுந்ததுதான். "இன்னொரு தபா இப்டி ஆச்சுனா, ஊட்ட வித்துட்டு காலி பண்ணிகினு அம்பத்தூருக்கே போயிடலாம். இந்த எடம் நமக்கு ஆவாது" என்றார். அவர் ஒன்று சொன்னால் செய்கிற ஆள். அதனால்தான் எனக்குத் தூக்கம் போயிற்று.

அம்பத்தூரில் பன்னிரண்டு வருடம் ஒற்றை அறையில் இருந்தோம். நான்கு குடித்தனத்துக்கு ஒரே குளியலறை. வேலைக்குப் போகிற அவசரத்தில் வாளியோடு வரிசையில் நின்று, உள்ளே போனவர் எப்போது வருவார் என்று கதவையே பார்த்துக்கொண்டிருப்பேன். மறுபடியும் அங்கேயா? செத்தாலும் போக மாட்டேன் என்று முடிவு செய்தேன். ஆனால் போகாமல் இருக்க வேண்டுமென்றால், தொட்டி ஏன் மேலே வந்தது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

நான் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பெயிண்ட் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் உதவியாளர். பதினொரு வருடமாகத் தினமும் நான் செய்கிற முதல் வேலை டென்சிட்டி கப்பை நிரப்புவது. அது உள்ளங்கையில் அடங்குகிற எவர்சில்வர் கிண்ணம். பெயிண்டைத் தளும்ப ஊற்றி, மூடி, வழிந்ததைத் துடைத்து, தராசில் வைத்து, வருகிற எண்ணை நோட்டில் எழுத வேண்டும். எழுதினேன், எழுதினேன், பதினொரு வருடம் எழுதினேன். எதற்கு என்று ஒரு நாள்கூட யோசித்ததில்லை. ஆவடியில் குவார்ட்டர்ஸில் இருந்தபடி பள்ளிக்குப் போன காலத்தில் 'அடர்த்தி என்பது நிறை வகுத்தல் பருமன்' என்று மனப்பாடம் செய்து இரண்டு மதிப்பெண் முழுசாக வாங்கியவள்தான். விடைத்தாளோடு அதையும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன் போல.

தொட்டி எழும்பிய பிறகு ஒரு மத்தியானம், வெள்ளைப் பெயிண்டை எடை போட்டுவிட்டு அதே கப்பில் பெயிண்டை இளக்குகிற தின்னரை ஊற்றி எடை போட்டேன். வழக்கம்போல் எண் குறைந்தது. கப் அதேதான், இடம் அதேதான், உள்ளே இருப்பதுதான் வேறு. சரி, தண்ணீரை ஊற்றினால்? பெயிண்டுக்கும் தின்னருக்கும் நடுவில் வந்து நின்றது. ஒன்றுமே ஊற்றாமல் காலியாக வைத்தால்? வெறும் காற்று. அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. அடி பைத்தியக்காரி, வாசலில் நீ புதைத்து வைத்திருப்பதும் ஒரு கப்தானே!

காலியான லிட்டர் பெயிண்ட் டப்பா ஒன்றை இறுக்கி மூடி, கழுவும் தொட்டித் தண்ணீரில் போட்டேன். தகர டப்பா, ஆனாலும் மிதந்தது. உள்ளங்கையால் அமுக்கினேன். அமுக்க அமுக்க அது என் கையைத் திருப்பித் தள்ளியது. பக்கத்தில் இருந்த கெமிஸ்ட், "என்னக்கா, விளையாட்டா?" என்று சிரித்துவிட்டு, ஆழம் போகப் போகத் தண்ணீரின் அழுத்தம் கூடும் என்றார். டப்பாவின் தலையை அமுக்குகிற தண்ணீரைவிட அடிப்பக்கத்துத் தண்ணீர் ஆழத்தில் இருக்கிறது, அதனால் அதன் தள்ளல்தான் ஜெயிக்கும் என்றார். டப்பா நிறையத் தண்ணீர் ஊற்றி மூடிப் போட்டேன். சத்தமில்லாமல் அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. மழையில் எங்கள் வாசல் மண் முழுக்க நீர் ஊறி நின்றபோது, காலித் தொட்டிக்கும் நடந்தது இதுதான். தோஷமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

வீட்டில் சொன்னேன். "டப்பாவும் தொட்டியும் ஒண்ணா? அது எம்மாம் கனம்!" என்றார் கணவர். கனமாக இருப்பது மிதக்காது என்பது அவர் கட்சி. தொட்டியைச் சுற்றிக் கான்கிரீட் போட்டுக் கட்டிவிடுங்கள் என்று மேஸ்திரிக்குப் போன் செய்தேன். "இன்னாக்கா, தொட்டி இன்னா காத்தாடியா, பறந்து போறதுக்கு?" என்று சிரித்தார். கணவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். எனக்கு வந்தது பாருங்கள் கோபம். "மழைக்காலம் முடியற வரைக்கும் தொட்டியை மட்டும் காலி பண்ணாதீங்க, அது போதும்" என்று கத்திவிட்டு உள்ளே போனேன்.

இந்த வருடம் புயல் மழை என்று செய்தி வந்தது. நான் வேலை முடிந்து வருகிறேன், எங்கள் வாசலிலிருந்து தெருவுக்கு ஹோஸ் குழாய் நீண்டு கிடக்கிறது. பாசி பிடித்துவிட்டதாம், காலி பண்ணிக் கழுவிவிட்டாராம் என் கணவர். வாய்க்கு வந்தபடி திட்டினேன். போர் மோட்டாரைப் போட்டு உடனே நிரப்பலாம் என்று ஓடினால், முதல் தூறலிலேயே கரண்ட் போய்விட்டது. இரண்டு நாள் ஆகியும் வரவில்லை. மழைச் சேற்றில் தண்ணீர் லாரி எங்கள் தெருவுக்குள் நுழையவே முடியாது.

மூன்றாம் நாள் காலையில் வாசலில் கணுக்கால் அளவுத் தண்ணீர். தரைக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த தொட்டியின் கழுத்தைச் சுற்றிப் பூசிய சிமெண்டில் மயிரிழையாக ஒரு விரிசல் ஓடியிருந்தது. முந்தின நாள் அது இல்லை. கழுத்து நிற்கிற உயரத்தைப் பார்த்து அதை ஒட்டிய மதில் சுவரில் ஆணியால் ஒரு கோடு கிழித்தேன். காபி குடித்துவிட்டு வந்து பார்த்தால், கழுத்து கோட்டைவிட ஒரு விரல்கடை மேலே நிற்கிறது. மூடியைத் திறந்தேன். வாளியை எடுத்து வாசலில் நின்ற தண்ணீரை மொண்டேன்.

"ஏய், இன்னா பண்றே? தெருச் சாக்கடை எல்லாம் அதுல கலந்து கீது! நல்ல தண்ணித் தொட்டியில அதப் போயி ஊத்தறியா?"

"ஆமாம், ஊத்தறேன்."

"பைத்தியமா உனுக்கு?" கணவர் வாளியைப் பிடித்துக்கொண்டார். நாங்கள் இரண்டு பேரும் மழையில் நின்று ஒரு வாளியை ஆளுக்கொரு பக்கம் இழுத்தோம். இழுத்துப் பயனில்லை என்று வீட்டுக்குள் ஓடி, கம்பெனியிலிருந்து கேட்டு வாங்கி வந்திருந்த டப்பாவை எடுத்துவந்தேன். வாளித் தண்ணீரில் போட்டேன்.

"அமுக்குங்க."

"இப்ப இதுக்கா நேரம்?"

"ஒரே ஒரு தடவை அமுக்கிப் பாருங்க. அப்புறம் வீட்டை வித்துக்கோங்க, நான் வாயே திறக்க மாட்டேன்."

அமுக்கினார். டப்பா அவர் கையிலிருந்து வழுக்கி, எகிறி வெளியே வந்து விழுந்தது. "ஐயே!" என்றார். மறுபடி எடுத்து, இந்த முறை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டார். அது உள்ளேயிருந்து தள்ளுவதை அவர் முகத்தில் பார்த்தேன். பிறகு நான் அந்த டப்பாவில் சாக்கடைத் தண்ணீரையே நிரப்பி, மூடி, வாளியில் விட்டேன். மூழ்கிப் போயிற்று. அவர் டப்பாவைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், சுவரில் இருந்த கோட்டைப் பார்த்தார்.

"மூவாயிரம் லிட்டர் காத்தா உள்ள கீது?" என்றார்.

"மூவாயிரம் லிட்டர் காத்து."

இன்னொரு வாளி எடுத்து வந்தார். அதற்குப் பிறகு மொள்ளுவதும் ஊற்றுவதும்தான். எதிர்வீட்டு அம்மா மாடியிலிருந்து, "இன்னாக்கா, அம்மனுக்கு வேண்டுதலா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன், வேறென்ன சொல்வது? எழுபது வாளி வரை எண்ணினேன், பிறகு எண்ணிக்கை விட்டுப்போயிற்று. தோள்பட்டை கழன்றுவிடும் போல் இருந்தது. கழுத்து நிறைந்து அழுக்குத் தண்ணீர் வழிந்தபோது மத்தியானம் தாண்டியிருந்தது. ஆணிக்கோட்டைப் பார்த்தேன். கழுத்து அதே ஒரு விரல்கடை உயரத்தில் நின்றது. சாயங்காலம் பார்த்தேன், அதேதான். மறுநாள் மழை கொட்டித் தீர்த்தது. விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தேன். நகரவில்லை.

ஐந்தாம் நாள் வெயில் வந்தது, கரண்டும் வந்தது. தொட்டியிலிருந்து எழுந்த நாற்றம் இருக்கிறதே, சொல்லி மாளாது. கேன் தண்ணீரில் சமையல் செய்துகொண்டிருந்தேன். வாசலில் கேட்டைப் பிடித்தபடி தெருவையே பார்த்துக்கொண்டிருந்த கணவர் மெதுவாகக் கேட்டார்:

"இன்னா, காலி பண்ணிடலாமா?"

இவ்வளவு செய்தும் இதுதானா? கரண்டியோடு வாசலுக்கு வந்தேன்.

"எதை?"

"எதயா? தொட்டியத்தான். நாத்தம் தாங்கல."

"கீழ தண்ணி வத்தட்டும். அது வரைக்கும் நாறட்டும்."

தலையாட்டினார். சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து மேஸ்திரியைக் கூப்பிட்டார். "அண்ணாத்தே, தொட்டியச் சுத்தி கான்கிரீட் போட்டுக் கட்டணும். ஆமாய்யா, காத்தாடிதான், பறந்துபூடும், உனுக்குத் தெரியாது. நல்லா ஸ்டிராங்கா போடு. நாங்க கடைசி வரிக்கும் இங்கதான இருக்கப் போறோம்."

முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். ஏன் கண் கலங்கியிருக்கிறது என்று கேட்டார். நாற்றம் என்று சொல்லிவிட்டேன்.