படகு ரெசினில் ஒட்டிய கண்ணாடி

அந்தக் கண்ணாடியை என் கணவர் யாழ்ப்பாணத்தில் வாங்கி, பழைய மெத்தையில் சுற்றி, லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றி வேலணை வரைக்கும் கொண்டுவந்தார். வாசலில் இறக்கியபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. என்னில் முக்கால்வாசி உயரம் இருந்தது.

"இதென்ன, ஆருடை கலியாண மண்டபத்துக்கு?"

"குளியலறைக்கு. உமக்குத்தான்."

எனக்கு விளங்கிவிட்டது. மார்பில் கட்டி வந்து இடப்பக்கத்தை எடுத்த பிறகு, கிளினிக்கில் தாதி ஒவ்வொரு முறையும் ஒன்றையே சொல்லுவார். கண்ணாடிக்கு முன்னால் நின்று, கையைத் தூக்கி, மற்றப் பக்கத்தில் தோல் சுருங்கியிருக்கிறதா, ஏதும் மாற்றம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். நான் நல்ல பிள்ளைபோலத் தலையாட்டிவிட்டு வருவேன். எனக்குக் கிணற்றில் அள்ள முடியாது என்று வீட்டுக்குள்ளேயே வெள்ளை ரைல்ஸ் பதித்துக் கட்டிய புதுக் குளியலறையில், விளக்கைப் போடாமல், நெஞ்சுவரை ஏற்றிக் கட்டிய குறுக்குக்கட்டை அவிழ்க்காமல் குளித்துக்கொண்டிருந்தேன். பார்த்தால்தானே ஏதாவது தெரியவரும் என்பது என் கணக்கு. அதை இந்த மனிசன் எப்படியோ மோப்பம் பிடித்திருக்கிறார்.

முதலில் எங்கேயோ இரவல் வாங்கிய துளைக்கும் மெசினோடு உள்ளே போனார். முதல் துளையிலேயே ரைல்ஸ் குறுக்கே வெடித்தது. "மாதாவே" என்று ஒரு சத்தம். பிறகு மெசினை வைத்துவிட்டு, தனக்குத் தெரிந்த சாமானை எடுத்துவந்தார். படகில் வெடிப்பு விழுந்தால் பூசுகிற ரெசின். எங்கள் பக்கத்தில் வாளி ஓட்டை, தண்ணீர்த் தாங்கி ஒழுக்கு, கதிரைக் கால் எல்லாவற்றுக்கும் அதுதான் மருந்து.

"கடைக்காரனிட்டை ஒருக்கால் கேட்டியளோ, எதாலை ஒட்டுறதெண்டு?"

"நான் பிறந்ததிலயிருந்து படகு ஒட்டுறன். இது கடலே கழட்டாத சாமான். உம்மடை குளியலறை என்ன செய்யப்போகுது?"

ரெசினைக் கட்டி கட்டியாக வைத்து ஒட்டி, காயும்வரை மரக்கோல்களால் முண்டு கொடுத்தார். அன்றைக்குக் கத்தரிக்காய்க் குழம்பிலும் ரெசின் மணந்தது.

அதன் பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சோளகக் காற்று வீசிக் கதவு அடித்தால் கண்ணாடி விழுந்துவிட்டது என்று குசினியிலிருந்து ஓடுவேன். போய்ப் பார்த்தால் அசையாமல் நிற்கும். விழவில்லையே என்று ஏமாற்றமாகவும் இருக்கும். குளிக்கும்போது அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். முதுகும் கூசியது. கடைசியில் ஒரு படுக்கை விரிப்பை எடுத்து அதை மூடிவிட்டேன்.

எங்கள் வீடுகளில் சாவு விழுந்தால்தான் கண்ணாடியை மூடுவது. அவர் கடலால் வந்து கால் கழுவப் போனவர், விரிப்பை இழுத்து எறிந்துகொண்டு வந்தார்.

"செத்த வீடோ இது?"

அப்படி அவர் என்னிடம் ஒருநாளும் கத்தியதில்லை. விரிப்பை மடித்து அலுமாரியில் வைத்தேன்.

மாரி தொடங்குவதற்குள் கண்ணாடியில் கறுப்பு விழத் தொடங்கியது. ரெசின் வைத்த இடங்களில் எல்லாம் பொட்டுப்பொட்டாக வந்து, பிறகு கைவிரித்த அளவுக்குப் பரவியது. கடைக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டுவிட்டு, முகம் தொங்கிப்போய் வந்தார்.

"ரெசின் பின்பக்கத்து ரசத்தைத் திண்டிட்டுதாம்."

கத்தியை விட்டு நெம்பிப் பார்த்தார். அது சுவரோடு சுவராகிவிட்டது. "ஏலாது. உடைச்சால்தான் வரும்" என்றார். எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோசம் வந்தது என்பதை ஏன் மறைக்க வேண்டும்? தப்பினேன் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த நாள் அவர் கடலுக்குப் போகவில்லை. முற்றத்தில் கிழிந்த வலை பொத்தப் போனவர் ஊசியைக் கையில் வைத்தபடி சும்மா இருந்தார். தேத்தண்ணியைக் கொண்டுபோய் நீட்டினேன். வாங்கவில்லை.

"எனக்குப் பயமாயிருக்கப்பா" என்றார். "நீர் பாக்காமல் இருக்கிறதுதான் பயமாயிருக்கு."

நான் தேத்தண்ணியைப் பக்கத்தில் வைத்துவிட்டு நேரே குளியலறைக்குப் போனேன். கோபத்தோடுதான் போனேன். கதவைப் பூட்டி, விளக்கைப் போட்டு, குறுக்குக்கட்டை அவிழ்த்துவிட்டு நிமிர்ந்தால், எனக்கு நெஞ்சு இருக்க வேண்டிய இடத்தில் கண்ணாடி முழுக்கக் கறுப்பு. இவ்வளவு துணிந்து வந்ததற்கு இதுவா? குனிந்தேன். எட்டி நின்றேன். நல்ல இடம் தேடி ஓரமாக நகர்ந்து, தோளைச் சரித்து, தண்ணீர் வாளியைத் தள்ளிவிட்டு நின்றபோது, கறுப்புக்கும் விளிம்புக்கும் இடையில் கிடைத்தது. வலப்பக்கம் தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் பொத்திய வலைபோலத் தழும்பும் தெரிந்தது. இடம் தேடிய மும்முரத்தில் பயப்பட மறந்துபோயிருந்தேன். தாதி சொன்னபடி கையை மெல்லத் தூக்கினேன். முழங்கை பட்டுச் சவர்க்காரப் பெட்டி தடாலென்று விழுந்தது.

முற்றத்திலிருந்து அவர் ஓடிவருவது கேட்டது. கதவில் தட்டினார்.

"என்னப்பா, விழுந்திட்டுதே?"

"இல்லை. அதிலை நில்லுங்கோ. நான் இன்னும் பாத்து முடியேல்லை."