ஒட்டவைத்த கோப்பை

அர்லீதா அக்காவுக்குப் பொறுமையே கிடையாது என்பார்கள் எங்கள் தீவில். அவர் நண்டு ஆலையில் முப்பத்தோரு வருடம் நின்றபடியே ஓடு பிரித்ததைப் பார்க்காதவர்கள் பேசுகிற பேச்சு அது. சதை சிதறாமல் நண்டை உரிக்கப் பொறுமை இல்லாமலா முடியும்? மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து படிவம் கேட்பவர்களிடம்தான் அவருக்குப் பொறுமை கிடையாது. எனக்கும்தான்.

அவர் கணவர் ஐசமைப் புதைத்த இடுகாடு இப்போது கடலோரப் பூங்காவுக்குள் இருக்கிறது. புருஷன் கல்லறைக்குப் போகவே அக்கா நுழைவுச்சீட்டு வாங்க வேண்டும். முணுமுணுத்துக்கொண்டே அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். போன வசந்தத்தில் பூங்காக்காரர்கள் ஊரைக் கூட்டித் துப்புரவு நாள் நடத்தினார்கள். வந்தவர்கள் கல்லறைகள் மேலிருந்த சாமான்களையும் பொறுக்கி மூட்டை கட்டிவிட்டார்கள்.

எங்களில் ஒருவர் இறந்தால் அவர் கடைசியாகக் குடித்த கோப்பையை உடைத்துக் கல்லறை மேல் வைப்போம். உடைத்தால்தான் சாவின் சங்கிலி அறும். இல்லையென்றால் அது அதே வீட்டில் அடுத்த ஆளைக் கூப்பிடும். வைத்ததை யாரும் எடுக்கவும் கூடாது. அக்காவின் மாமியார் செத்தபோது அவசரத்தில் உடைக்க மறந்தார்கள். எட்டே மாதத்தில் ஐசம் போய்ச் சேர்ந்தார்.

ஜூலை வெயிலுக்கு ஒதுங்கலாம் என்று நானும் அக்காவும் பூங்காவின் இயற்கை மையத்துக்குள் நுழைந்தோம். கண்ணாடிப் பெட்டியில் ‘நம் கடற்கரைக் குப்பை’ என்று பலகை. பீர் டப்பாவுக்கும் பிய்ந்த செருப்புக்கும் நடுவில் நீலக்கோடு போட்ட ஐசமின் காபிக் கோப்பை! கைப்பிடிக் காது மட்டும் இல்லை. மற்ற துண்டுகளைப் பசை போட்டு ஒட்டி நிமிர்த்தி வைத்திருந்தார்கள்.

“பாவிங்க, ஒட்டிட்டாங்கடி. லியோனுக்கு நெஞ்சுல கத்தி வெக்கிற நேரத்துல ஒட்டிட்டாங்களே!” என்றார் அக்கா. லியோன் அவருடைய ஒரே மகன்; இதய அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள்.

மையத்தின் மேலாளர் கோல்பி நல்ல மனிதர். அதுதான் எரிச்சலே. திட்டவும் முடியாது. ஆகஸ்டில் ஒரு படிவம் கொடுத்தார். செப்டம்பரில் அது பழைய படிவம் என்று புதியது கொடுத்தார். அதற்குள் லியோனின் அறுவை சிகிச்சையை அக்கா இரண்டு முறை தள்ளிப்போட வைத்துவிட்டார்.

“உங்களுதுதான்னு காட்ட ஃபோட்டோ ஏதாவது இருக்கா மேடம்?”

“காபி குடிக்கறவன யாரு தம்பி ஃபோட்டோ எடுப்பாங்க?”

“அப்ப அந்தக் காது இருந்தாக் கொண்டாங்க. பொருந்துதான்னு பாத்துடலாம்.”

காது கல்லறைப் புல்லில் மறைந்து தப்பியிருந்தது. காரில் ஏறியதும் நான் வாயை விட்டேன். “அந்தக் காத ஒரு பையில போட்டு எடுத்துட்டு வந்துடலாங்க்கா. அஞ்சு நிமிஷ வேல.”

“கல்லறையில வெச்சத அவங்க தெரியாம எடுத்தாங்க. நான் தெரிஞ்சே எடுக்கவா? இத்தன வருசம் சர்ச்சுல எங்கடி உக்காந்திருந்த, தூங்கற பக்கமா?”

அன்று மாலை லியோன் ஃபோன் செய்தான். “அம்மா, வர்ற வியாழக்கிழமைய விட்டா வேற டாக்டரப் பாத்துக்கன்னுட்டாரு. நான் என்ன பண்ண?”

அக்கா மறுநாள் காலை ஒன்பது மணிக்கே மையத்தின் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். அடுத்த நாளும் அப்படியே. வருகிறவர்களிடமெல்லாம், “உள்ள என் புருஷன் இருக்கார், குப்பையோட குப்பையா. பாத்துட்டுப் போங்க” என்றார்.

புதன்கிழமை மத்தியானம் கோல்பி தாங்க முடியாமல், வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு, கோப்பையை அட்டைப்பெட்டியில் வைத்துக் கல்லறைக்கு வந்தார். மண்டியிட்டு, கிடந்த காதின் பக்கத்தில் கோப்பையைச் சாய்த்தார். கச்சிதமாகப் பொருந்தியது.

“உங்களுதுதான் மேடம். எவ்ளோ நேர்த்தியா ஒட்டியிருக்கோம் பாத்தீங்களா? விரிசலே தெரியல.”

“அதான் தம்பி வினையே. குடுங்க.”

வாங்கினார். ஐசமின் பெயர் வெட்டிய கல்லில் ஓங்கி அடித்தார். ஒட்டுப்போட்ட இடத்தில் உடையாமல் புதிதாக வேறு இடத்தில் உடைந்து சிதறியது.

கோல்பி “ஐயையோ” என்றார். கூடவே, பழக்க தோஷம், சட்டைப்பையிலிருந்து ஒரு பையை உருவிக்கொண்டு துண்டுகளைப் பொறுக்கக் குனிந்தார்.

“கைய எடுடா!”

பையோடு அப்படியே நின்றார் கோல்பி. அக்கா என் ஃபோனைப் பிடுங்கினார்.

“லியோன், உங்கப்பா கோப்ப உடைஞ்சிடுச்சு. காலைல ஆஸ்பத்திரிக்குப் போடா கண்ணு.”