ஒபதியா கேட்காமல் விட்டது

வாப்பிங் துறைமுகத் தெருவில் ஒபதியா பிளைத் எங்கே இருக்கிறார் என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். நண்டுக்காரர் என்று கேளுங்கள், கயிறு முறுக்குகிறவன் முதல் மீன் விற்கிறவள் வரை எல்லோரும் கை காட்டுவார்கள். சிரித்துக்கொண்டே காட்டுவார்கள், அதுதான் எனக்கு எரிச்சல். முப்பது வருஷம் கடலில் கிடந்து வந்த மனுஷனுக்கு இந்த லண்டன் கொடுத்த பட்டம் அது.

கதை இதுதான். காய்ச்சலில் கிடந்த அவரைப் பிழைக்கமாட்டார் என்று முடிவு கட்டி, தெற்குக் கடலில் ஒரு சின்னத் தீவில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள் கப்பல்காரர்கள். நூவே என்ற விதவை அவரைத் தன் குடிசைக்குத் தூக்கிப் போய், வாயில் கஞ்சி ஊற்றிப் பிழைக்க வைத்தாள். பதினாலு மாதம் கழித்து வேறொரு கப்பல் வந்தது, ஏறி வந்துவிட்டார். வந்து பார்த்தால் மனைவி செத்து மண் காய்ந்திருந்தது. பிள்ளை குட்டி கிடையாது. பொழுது போகாமல் தீவைப் பற்றி அறுபது பக்கத்தில் ஒரு புத்தகம் எழுதினார்.

கப்பலில் தினக்குறிப்பு எழுதிப் பழகிய கை அல்லவா? கண்ணில் பட்டதை எழுதினார், படாததைப் படவில்லை என்று எழுதினார். ‘கோயில் ஒன்றும் காணவில்லை. பூசாரி யாரையும் காணவில்லை. கும்பிடுவதைக் காணவில்லை.’ அதற்கு அடுத்த வரியில்தான் அந்த நண்டு விஷயம். அந்த ஜனங்கள் சாப்பிட உட்காருமுன் முதல் கவளத்தை வாசலில் ஒரு கல்மேல் வைப்பார்கள். நண்டுகள் வந்து எடுத்துப்போகும். நண்டுக்குப் பந்தி வைத்துவிட்டுத்தான் தாங்கள் உண்ணும் தாராள மனசுக்காரர்கள் என்று கிண்டலாக எழுதிவிட்டார். அவர் புத்தகத்தில் ஜனங்கள் படித்தது அந்த ஒரு வரியைத்தான்.

டோர்காஸ் என்ற கிழவியின் வீட்டு மாடியில் ஓர் அறை, ஒரு கட்டில், இரண்டு நாற்காலி. இரண்டாவது நாற்காலியில் நாலு வருஷமாக அவருடைய கோட்டுதான் உட்கார்ந்திருந்தது. சில நாட்களில் டோர்காஸிடம் ரொட்டி வாங்கும்போது பேசுகிற நாலு வார்த்தையோடு அன்றைய பேச்சு முடிந்துவிடும். தன் குரலே தனக்கு மறந்துபோய்விடுமோ என்று பயந்து, கடற்கரைப் பெயர்களைச் சத்தமாகச் சொல்லிக்கொள்வாராம். இதை அவரே என்னிடம் சொன்னார். கேட்கக் கஷ்டமாக இருந்தது.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு மத்தியானம் நத்தானியேல் ஃபெல் மாடி ஏறி வந்தார். முப்பது வயசு, விரல் நுனியெல்லாம் மை. பெரிய ஆராய்ச்சிக்காரர் ஒருவரிடம் எழுத்தர்.

"மிஸ்டர் பிளைத் நீங்கதானே? எங்க ஐயா உங்க புத்தகத்த ரெண்டு தடவ படிச்சிட்டாரு."

ஒபதியாவுக்குத் தலைகால் புரியவில்லை. கோட்டைத் தூக்கிக் கட்டிலில் வீசினார்.

"உக்காருங்க, உக்காருங்க! ரெண்டு தடவையா? நண்டு விஷயத்துக்காகவா?"

"நண்டு கெடக்குது விடுங்க. ஐயா வீட்டு அலமாரி பூரா பயணப் புத்தகந்தான். மனுஷனுக்கு அறிவு எங்கேருந்து வருதுன்னு எழுதிக்கிட்டிருக்காரு. பொறக்கும்போது குழந்தை மனசு வெறுங்காகிதமாம். கண்ணால பாத்து, காதால கேட்டு, அப்புறந்தான் அதுல எழுத்து விழுமாம்."

"சரிதானே. கப்பல்லயும் அப்படித்தான்."

"பாதிரிமாருங்க ஒத்துக்க மாட்டேங்குறாங்களே! கடவுள்ங்கற நெனப்பு எல்லார் மனசுலயும் பொறப்புலயே எழுதியிருக்குங்குறாங்க. கடவுள் நெனப்பே இல்லாத ஒரு ஜனத்தக் காட்டிட்டா அவங்க வாய அடைச்சிடலாம். அதுக்குத்தான் ஒங்கள மாதிரி தூரதேசம் போனவங்களத் தேடுறோம்."

கேள்விகளை வரிசையாக எழுதி வந்திருந்தார் ஃபெல். எண்ணுவார்களா, எதுவரை எண்ணுவார்கள்? திருட்டைத் தப்பென்று நினைப்பார்களா? பிணத்தை என்ன செய்வார்கள்? ஒவ்வொன்றுக்கும் ஒபதியா சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். அடுத்த வாரமும் வந்தார், அதற்கடுத்த வாரமும் வந்தார். டோர்காஸிடம் கெஞ்சி மாட்டுக்கறிப் பணியாரம் செய்ய வைத்தார் ஒபதியா. சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு காலையிலிருந்தே ஜன்னலில் நிற்பார். அறுபத்திரண்டு வயசு மனுஷன், படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டால் முகம் மலர்ந்துபோகும்.

மூன்றாவது வாரம் ஃபெல் பேனாவை மையில் தொட்டுக்கொண்டு கேட்டார்.

"கும்பிடுறதக் காணலன்னு எழுதியிருக்கீங்க. காணலையா, இல்ல அந்தப் பழக்கமே அவங்களுக்குக் கெடையாதா?"

"நான் பாக்கல."

"அது தெரியுது. நீங்க பாக்காம அவங்க கும்பிட்டிருந்தா எங்களுக்குப் பிரயோஜனமில்ல. உறுதியாச் சொல்ல முடியாதுன்னா பரவால்ல, இதோட முடிச்சுக்குவோம். பிளிமத்துல இன்னொரு மாலுமி இருக்காராம், அவரப் பாக்கணும்."

ஒபதியா அந்த இரண்டாவது நாற்காலியைப் பார்த்தார். நாளையிலிருந்து மறுபடியும் கோட்டுதான் அதில் உட்காரும். தெரியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"பதினாலு மாசம் ஒரே குடிசையில இருந்தவன் நான். இருந்தா என் கண்ணுக்குத் தப்புமா? அவங்களுக்குச் சாமியே கெடையாது. இன்னும் எவ்வளவோ இருக்கு, அடுத்த வாரம் வாங்க, சொல்றேன்."

ஃபெல் எழுதிக்கொண்டார். கீழே கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.

இரண்டு நாள் போயிருக்கும். ஆலயத்துக்கு வராதவர்களின் பட்டியலைத் தூக்கிக்கொண்டு ஆலயக் காரியஸ்தர் தெருவில் வீடு வீடாக வந்தார். ரொட்டிக்காகப் படியிறங்கிக்கொண்டிருந்த ஒபதியாவின் காதில் கீழே அவரும் டோர்காஸும் பேசுவது விழுந்தது.

"மேல இருக்கிற ஆளு எப்படிம்மா? ஞாயித்துக்கெழம தலையக் காணோமே."

"நண்டுக்காரரா? நாலு வருஷமா ஒரே கூரைக்குக் கீழ இருக்கேன். முட்டி போட்டு ஒரு நாளும் நான் பாத்ததில்ல. அந்தாளுக்குச் சாமியே கெடையாது, எழுதிக்கங்க!"

ஒபதியாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இவளுக்கு என்ன தெரியும்? பொழுது சாயும்போது தினமும் ஜன்னலோரம் உட்கார்ந்து, முழங்கால்மேல் உள்ளங்கையை வைத்து, ஆற்றைப் பார்த்தபடி செத்துப்போன மனைவிக்காக அவர் வேண்டிக்கொள்வது இவளுக்குத் தெரியுமா? ஒரு நாளாவது கேட்டாளா? கிழவன் காற்று வாங்குகிறான் என்று நினைத்திருப்பாள்.

கேட்டுவிடலாம் என்று இரண்டு படி இறங்கினார். மூன்றாவது படியில் நெஞ்சில் சுருக்கென்று தைத்தது. அப்படி உட்கார அவருக்கு யார் கற்றுக்கொடுத்தது? நூவே அப்படித்தான் உட்காருவாள். தினமும் பொழுது சாயும்போது, உள்ளங்கையை முழங்கால்மேல் வைத்து, கடலைப் பார்த்தபடி. காற்று வாங்குகிறாள் என்றுதான் அவரும் நினைத்தார். ஒருமுறை பசி தாங்காமல் கல்மேல் வைத்த கவளத்தை எடுக்கப் போனபோது, பதறிப்போய்க் கையைப் பிடித்து இழுத்தாளே! நண்டுக்காகவா அப்படிப் பதறினாள்? அட முட்டாளே, என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ரொட்டி வாங்கவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு அப்போதே நடந்தார். வாப்பிங்கிலிருந்து வெஸ்ட்மின்ஸ்டர் கிழக்கு மேற்காக ஊரின் இரண்டு கோடி. சாக்கடை தெறித்த காலோடு போய் அங்கே ஃபெல்லுடைய ஐயாவின் பெரிய வீட்டுக் கதவைத் தட்டினார். ஃபெல்தான் வந்தார்.

"என்ன பெரியவரே, வியாழக்கெழம நானே வருவேனே?"

"அந்த வரிய அடிச்சிடுங்க தம்பி. சாமி இல்லன்னு சொன்னது பொய்."

ஃபெல்லின் முகம் மாறியது. "சாமி இருக்குதா? நீங்க பாத்தீங்களா?"

"அதுவும் தெரியாது. நான் கேக்கவே இல்ல."

"விளையாடுறீங்களா? சுத்தப்பிரதி எழுதியாச்சு, நாளைக்கு அச்சுக்குப் போகுது. கையெழுத்து வேற போட்டிருக்கீங்க."

"போட்டது இந்தக் கைதானே? மறுபடியும் போடுறேன், காகிதம் குடுங்க."

ஃபெல் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நல்லா யோசிச்சுக்குங்க. ஒண்ணு பொய்னு நீங்களே எழுதிக் குடுத்தா, நீங்க சொன்ன வேற எதையும் ஐயா தொடமாட்டாரு. அவரு அதுல ரொம்பக் கறார். எண்ணிக்கை, பிணம், திருட்டு எல்லாம் போயிடும். எனக்கும் அப்புறம் அங்க வர வேலையில்ல."

"தெரியுது."

"அந்தத் தீவுல யாரு இதையெல்லாம் படிக்கப் போறாங்க? சும்மா விட்டுட்டுப் போங்களேன்."

"என் வாயில கஞ்சி ஊத்தினவ தம்பி அவ" என்றார் ஒபதியா.

வாசலிலேயே நின்று, சுவரில் காகிதத்தை வைத்து எழுதினார். ‘அந்த ஜனங்களுக்குக் கடவுள் உண்டா இல்லையா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. இல்லை என்று சொன்னது, ஃபெல் மறுபடியும் என் அறைக்கு வரவேண்டும் என்ற ஆசையால்.’ கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஃபெல் கடைசி வரியை இரண்டு முறை படித்தார். காகிதத்தை மடித்துக்கொண்டு உள்ளே போனார்.

வியாழக்கிழமை வந்தது, போனது. ஃபெல் வரவில்லை.

ஐயாவின் புத்தகம் அச்சாகி, செயின்ட் பால் ஆலயத்து முற்றத்துப் புத்தகக் கடைகளில் அடுக்கப்பட்டபோது ஒபதியா போய் நின்றார். கடைக்காரன் முறைக்க முறைக்க, கடவுளைப் பற்றிய பகுதியை விரல் வைத்துப் படித்தார். அவர் கேள்விப்படாத கரைகள், அவர் அறியாத ஜனங்கள், அவரைப் போன்ற எத்தனையோ மாலுமிகளின் சாட்சி. அவருடைய தீவு இல்லை. முதலிலிருந்து கடைசிவரை புரட்டினார். எண்ணிக்கைப் பகுதியிலும் இல்லை, பிணம் புதைக்கும் பகுதியிலும் இல்லை. நினைத்தபடியே நடந்திருக்கிறது. சந்தோஷப்பட வேண்டியதுதானே? மனுஷனுக்குக் கண் நிறைந்துவிட்டது.

வீடு திரும்பியபோது டோர்காஸ் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"என்னய்யா, பெரிய புத்தகத்துல ஒன் பேரு வந்துச்சா?"

"இல்ல."

"அந்த மைக்காரத் தம்பி இனிமே வருவாரா? மாவு பெசையணுமான்னு கேக்குறேன்."

"வேணாம். வரமாட்டாரு."

மாடிக்குப் போய் ஜன்னலோரம் உட்கார்ந்தார். ஆறு கறுத்துக்கொண்டு வந்தது. உள்ளங்கைகளை முழங்கால்மேல் வைத்தார், மனைவிக்காக வேண்டவில்லை. நூவே அந்தக் கடலைப் பார்த்து யாரிடம் பேசினாள், என்ன கேட்டாள், அதில் காய்ச்சலில் கிடந்த ஓர் அந்நியனுக்கும் பங்கு இருந்ததா? பக்கத்திலேயே இருந்தாள், பதினாலு மாதம். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.